சென்னையில் ரூம் போடுவது: நடுத்தர வாடகை ஹோட்டல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சில வருஷங்களாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து சென்னைக்குப் போய் வருகிறேன். அதனால் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் சென்னைக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரு போன் போடுவார்கள். "எங்கே ரூம் போடலாம்? எவ்வளவு ஆகும்? நம்பிப் போகலாமா?" திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது.

நடுத்தர வாடகை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இருவர் தங்கும் ஏசி அறைக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாயிலிருந்து 4,000 ரூபாய் வரை. இந்த விலைக்குச் சுத்தமான படுக்கை, வேலை செய்யும் ஏசி, வெந்நீர், லிஃப்ட், இரவிலும் ஆள் இருக்கிற ரிசப்ஷன் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். நீச்சல் குளத்தையோ ஜன்னலுக்கு வெளியே கடலையோ எதிர்பார்க்கக் கூடாது.

பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நம் பேச்சில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை, தங்குவதற்கு லாட்ஜ். இப்போது லாட்ஜ்களெல்லாம் 'ரெசிடென்சி', 'இன்', 'கிராண்ட்' என்று பெயர் மாற்றிக்கொண்டன. பழைய போர்டை மாட்டிக்கொண்டு மிக நன்றாக நடத்துகிற லாட்ஜ்களும் இருக்கின்றன. வாசல் கண்ணாடியைவிட உள்ளே இருக்கும் பாத்ரூம்தான் முக்கியம்.

எந்த ஏரியாவில் தங்குவது நல்லது?

வந்த வேலைக்குப் பக்கத்தில். இதைச் சொன்னால் "அது தெரியாதா" என்பார்கள். ஆனால் 500 ரூபாய் குறைவு என்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ரூம் போட்டுவிட்டு, அந்த 500-ஐயும் அதற்கு மேலேயும் ஆட்டோவுக்குக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு நடை என்று வையுங்கள். காசோடு மூன்று மணி நேரமும் போய்விடும்.

தென்மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு எழும்பூர் வசதி. ஸ்டேஷனுக்கு எதிரே காந்தி இர்வின் சாலை, கென்னட் லேன் பக்கமெல்லாம் வரிசையாக லாட்ஜ்கள். பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்து போய்விடலாம். மின்சார ரயில், மெட்ரோ இரண்டும் அங்கேயே இருக்கின்றன. சென்ட்ரலில் இறங்குகிறவர்களுக்குப் பெரியமேடு அதேபோல. இரண்டு இடத்திலும் கூட்டமும் சத்தமும் அதிகம். அறை தெருவைப் பார்க்காமல் உள்பக்கமாக இருக்க வேண்டும்.

கல்யாண ஜவுளி, நகை வாங்க வருகிறவர்கள் தி.நகரில் தங்குவதுதான் சரி. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் வாங்கிய பைகளை மத்தியானம் அறையில் போட்டுவிட்டுத் திரும்பக் கடைக்குப் போக முடியும். ஆனால் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் அங்கே அறையும் கிடைக்காது, காரும் நுழையாது.

வடபழனி, கோயம்பேடு பக்கம் அறைகள் பெரியதாகவும் வாடகை கொஞ்சம் இறக்கமாகவும் இருக்கும். இரண்டுமே எழும்பூர், சென்ட்ரலை இணைக்கும் பச்சை வழித்தட மெட்ரோவில் உள்ளன. முகூர்த்த நாளில் மட்டும் வடபழனியை நம்பாதீர்கள். கோயில் கல்யாணக் கூட்டம் எல்லா அறைகளையும் முன்னாலேயே பிடித்துவிடும்.

மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு கிரீம்ஸ் சாலை, நுங்கம்பாக்கம். அந்தப் பக்கத்து விடுதிகளுக்கு நோயாளிகளோடு பழக்கம் உண்டு. கஞ்சி வைத்துத் தருவார்கள், சக்கர நாற்காலி இருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் வாடகையைக் குறைப்பார்கள். கேட்டால்தான் குறைப்பார்கள். சமையல் செய்துகொள்ள அடுப்பு வைத்த அறைகளும் கிடைக்கும். நீண்ட சிகிச்சைக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

விடியற்காலை விமானம் என்றால் மீனம்பாக்கம், ஆலந்தூர், கிண்டி.

ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். எழும்பூரில் ரூம் போடலாமா?

யோசித்துப் போடுங்கள். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்ட அரசு பஸ்கள் ஊருக்குள் வராமல் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து எழும்பூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கைக்குழந்தையும் நான்கு பையும் வைத்துக்கொண்டு மாநகரப் பேருந்தில் அந்த 30 கிலோமீட்டர் வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. உங்கள் வேலை தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் பக்கம் என்றால் தாம்பரத்திலேயே தங்கிவிடுங்கள். நகரத்துக்குள் வேலை என்றால் தாம்பரம் வந்து மின்சார ரயில் பிடியுங்கள். கிண்டி, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், எழும்பூர் எல்லாம் அதே வழியில்தான் இருக்கின்றன.

ரயிலில் வருகிறவர்களும் டிக்கெட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எழும்பூர் ஸ்டேஷனில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நிற்கும் சமயமும் உண்டு.

மெட்ரோ பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா?

இரண்டு பேர், லேசான பை என்றால் போதும். காலை 5 மணியளவிலிருந்து இரவு 11 வரை ஓடுகிறது. எவ்வளவு தூரம் போனாலும் டிக்கெட் 50 ரூபாயைத் தாண்டாது. எழும்பூரிலிருந்து ஆலந்தூர் போய் வழித்தடம் மாறினால் நேராக விமான நிலையத்துக்கு உள்ளேயே இறங்கலாம். ஆனால் 'மெட்ரோவுக்கு 500 மீட்டர்' என்று போட்டிருந்தால் அது எந்தச் சாலையைத் தாண்டி என்று மேப்பில் பாருங்கள். இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைகளால் பல சாலைகளில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் தெரிகிற இடத்துக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

'24 மணி நேர செக்-அவுட்', '12 மணி செக்-அவுட்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

காசு விஷயத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இதுதான். ரூம் போடுகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

24 மணி நேர முறையில் நீங்கள் எத்தனை மணிக்கு நுழைகிறீர்களோ, அடுத்த நாள் அதே மணி வரை அறை உங்களுடையது. பழைய லாட்ஜ்கள் பலவற்றில் இன்னும் இதுதான் வழக்கம். 12 மணி முறையில் நாள் மத்தியானத்திலிருந்து மத்தியானம் வரை. காலை 5 மணிக்கு நுழைந்தாலும் அன்று மத்தியானத்தோடு ஒரு நாள் முடிந்துவிடும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை எழும்பூரில் இறங்குகிறீர்கள். குளித்து, சாப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போய்விட்டு, அன்று இரவே ஊருக்கு ரயில் ஏறப்போகிறீர்கள். 24 மணி நேர லாட்ஜில் உங்களுக்கு ஒரு நாள் வாடகை. 12 மணி ஹோட்டலில் கணக்குப்படி இரண்டு நாள். மனசு வைத்தால் ஒன்றரை நாள். 2,000 ரூபாய் அறை 4,000 ஆகிவிடும். அதுவே வைகை எக்ஸ்பிரஸில் மத்தியானம் வந்து மறுநாள் காலையில் கிளம்புகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

24 மணி நேர முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் தடவை அம்மாவோடு போனபோது ரிசப்ஷனில் இருந்த பையன் பெரிய லெட்ஜரில் '5.20' என்று எழுதி, அதற்கு நேரே என்னிடம் கையெழுத்து வாங்கினான். தூக்கக் கலக்கத்தில் நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் 9 மணிக்குக் காலி செய்தபோது அரை நாள் வாடகை கூடுதலாகக் கேட்டார்கள். 5.20-க்கு முடிந்துவிட்டது சார், லெட்ஜரைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். என் கையெழுத்துதான். அன்றிலிருந்து சாவி வாங்கும்போதே கேட்டுவிடுகிறேன்: "நாளைக்கு எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்? ரெண்டு மணி நேரம் லேட்டானா என்ன சார்ஜ்?" ஒரு மணி, இரண்டு மணி தள்ளிப்போனால் சும்மா விடுகிற இடங்களும் உண்டு. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் விடுவார்கள், கடைசி நிமிஷத்தில் சொன்னால் பில் போடுவார்கள்.

சில மணி நேரம்தான் வேண்டும். முழு நாள் வாடகை கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. உறுதியான ரயில் டிக்கெட் இருந்தால் பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறை கிடைக்கும். ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்யலாம். சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் டிக்கெட் எடுத்த கையோடு பார்த்துவிடுங்கள். காலி செய்த பிறகு ரயிலுக்கு நேரம் இருந்தால் பெட்டியை ரிசப்ஷனிலேயே வைத்துவிட்டுப் போகலாம். நல்ல ஹோட்டல்கள் இதற்குக் காசு வாங்குவதில்லை.

ஆப்பில் போடுவதா, நேராகப் பேசிப் போடுவதா?

ஆப்பில் தேடுங்கள், போனில் பேசுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். "ஆப்ல 2,200 காட்டுது. நேரா வந்தா என்ன ரேட்?" என்று கேட்டால் பல இடங்களில் குறைத்துச் சொல்வார்கள். ஆப்புக்கு அவர்கள் கமிஷன் கொடுக்க வேண்டும், அதில் ஒரு பகுதியை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதில் அவர்களுக்கும் நஷ்டம் இல்லை. காலைச் சாப்பாட்டைச் சேர்த்துத் தருவார்கள், அல்லது சீக்கிரம் நுழைய விடுவார்கள்.

ஆப்பில் போட்டால் கடைசி நேரத்தில் ரத்து செய்ய வசதி இருக்கும். ஆஸ்பத்திரித் தேதி தள்ளிப்போக வாய்ப்பு உண்டு என்றால் அந்த வசதிக்காக 100, 200 கூடக் கொடுக்கலாம். ஆப்பில் போட்ட பிறகும் முதல் நாள் ஹோட்டலுக்கே போன் செய்து "என் பேர்ல புக்கிங் இருக்கா?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆப்பில் பணம் எடுத்துவிட்டு, வாசலில் போய் நின்றால் "அந்த ஆப் கணக்கையே நாங்க முடிச்சுட்டோம் சார்" என்று கைவிரித்த அனுபவம் என் சித்தப்பாவுக்கு உண்டு. பணம் திரும்ப வந்தது, பத்து நாள் கழித்து. இரவு பதினொன்றுக்கு அவர்கள் தெருவில் நின்றதுதான் மிச்சம்.

முன்பணத்தை யுபிஐ-யில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

முதலில் அந்த நம்பர் ஹோட்டலுடையதுதானா என்று பாருங்கள். கூகுளில் ஹோட்டல் பெயருக்குக் கீழே வேறு யாரோ தங்கள் நம்பரைப் போட்டு முன்பணம் கறக்கிற மோசடி நடக்கிறது. ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் இருக்கிற நம்பரோடு ஒப்பிடுங்கள். பணம் அனுப்பும் திரையில் தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்துங்கள். ஹோட்டல் பெயரோ நிறுவனப் பெயரோ வர வேண்டும். முழு வாடகையும் முன்னால் கேட்டால் அந்த இடமே வேண்டாம். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். அது சைபர் மோசடிக்கான தேசிய எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

வாடகைக்கு மேல் வரி எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன்னால் 12 சதவீதம் இருந்தது. 2,400 ரூபாய் அறைக்கு இப்போது 120 ரூபாய் வரி, மொத்தம் 2,520. முன்பு இதே அறை 2,688 ஆகியிருக்கும். 7,500-க்கு மேல் போனால் 18 சதவீதம்.

பில்லில் இன்னமும் 12 சதவீதம் போட்டிருந்தால் காட்டிக் கேளுங்கள். "பில் வேண்டாம்னா வரி இல்லாம போட்டுத் தர்றேன்" என்று சொல்கிற இடத்தில் 120 ரூபாய் மிச்சம் பிடிக்க ஆசைப்படாதீர்கள். பில் இல்லாவிட்டால் பிறகு ஒரு தகராறு என்று வரும்போது நீங்கள் அங்கே தங்கியதற்கே அத்தாட்சி இல்லை.

ஹோட்டல் ரெஸ்டாரண்ட் பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். கட்ட வேண்டுமா?

விருப்பம் இருந்தால் கட்டலாம். தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்று சொல்லிவிட்டது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

காலைச் சாப்பாடு இலவசம் என்றால் எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று கேளுங்கள். பல இடங்களில் ஏழரைக்குத்தான் இட்லி வரும். ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்புகிறவருக்கு அந்த இலவசத்தால் பயன் இல்லை.

என்ன அடையாள அட்டை கேட்பார்கள்? ஆதார் கொடுத்தே ஆக வேண்டுமா?

முகவரியோடு படமும் இருக்கிற அரசு அட்டை எதுவும் போதும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் செல்லும். பான் கார்டில் முகவரி இல்லாததால் ஏற்க மாட்டார்கள். ஆதார்தான் கொடுக்கிறீர்கள் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை அதன் தளத்திலிருந்து இறக்கி அதைக் கொடுங்கள். ரிசப்ஷன் மேஜையில் முந்தின நாள் வந்தவர்களின் ஆதார் நகல் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அட்டை வேண்டும். குடும்பத்தலைவர் ஒருவருடையது போதும் என்று கிளம்பிவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவினர்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் இதே ஹோட்டல் போதுமா?

போதும், ஆனால் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை ஹோட்டல் இணையவழியில் அரசுக்குத் தர வேண்டும். அதற்கான பதிவு இல்லாத சிறிய லாட்ஜ்கள் "ஃபாரின் பாஸ்போர்ட் எடுக்கறதில்லைங்க" என்று சொல்லிவிடும். தமிழ் பேசுகிறவர்தானே, மதுரைக்காரர் வீட்டு விருந்தாளிதானே என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் தங்குவது சட்ட விரோதமா? தனியாக வரும் பெண்களுக்கு ரூம் தருவார்களா?

சட்ட விரோதம் இல்லை. 18 வயது கடந்த இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில், கோயம்புத்தூர் விடுதி ஒன்றுக்குச் சீல் வைத்த வழக்கில், தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சில விடுதிகள் தங்கள் விதி என்று சொல்லி மறுக்கின்றன. அட்டையில் சென்னை முகவரி இருந்தால், உள்ளூர்க்காரர் என்று சொல்லியும் மறுக்கின்றன. வாசலில் நின்று வாதாடுவதைவிட போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தனியாக வரும் பெண்களை மறுக்கிற பழைய வழக்கம் எவ்வளவோ குறைந்துவிட்டது. என் தங்கை வேலை விஷயமாக அடிக்கடி தனியாகத் தங்குகிறாள். அவள் பார்ப்பது மூன்று: ரிசப்ஷனில் பெண் ஊழியர் இருக்கிறாரா, அறைக்கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா, தெரு இரவு பத்து மணிக்கும் கடை வெளிச்சத்தோடு இருக்கிறதா. அறை எண்ணை ரிசப்ஷனில் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேட்டு வாங்குவாள். சரியான பழக்கம்.

அறையைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும் என்கிறீர்களே, எதைப் பார்ப்பது?

ஆமாம், பார்க்காமல் கட்டாதீர்கள். "ரூமைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரூம் பாய் சாவியை எடுத்துக்கொண்டு கூட வருவார்.

உள்ளே போனதும் மூக்குக்கு வேலை கொடுங்கள். நுழைந்த உடனே ரூம் ஸ்ப்ரே வாசனை தூக்கலாக அடித்தால் அதற்குக் கீழே வேறு ஏதோ வாசனை இருக்கிறது. சிகரெட்டாக இருக்கும், இல்லையென்றால் ஈரச் சுவர். அடுத்து படுக்கை விரிப்பை ஒரு மூலையில் தூக்கி மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவினதுபோலக் கருப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி. போன் டார்ச் அடித்தால் நன்றாகத் தெரியும். அந்த அறை மட்டும் இல்லை, அந்தத் தளமே வேண்டாம்.

ஏசியைப் போட்டுவிட்டுப் பாத்ரூமுக்குப் போங்கள். குழாயைத் திறந்துவிட்டு ஃப்ளஷை அழுத்துங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்போது தண்ணீர் இளைத்துப் போனால் காலையில் எல்லா அறைக்காரர்களும் குளிக்கும் நேரத்தில் சொட்டுத்தான் வரும். தரையில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கட்டில் பக்கம் ஓடி வருகிற பாத்ரூம்களையும் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது ஏசிக்கு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் குளிர்காற்று வரவில்லை என்றால் ராத்திரியும் வராது.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற தளத்தைச் சித்திரை, வைகாசியில் எடுக்காதீர்கள். பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி ஒரு மணி வரை வெப்பத்தை இறக்கும், ஏசி எவ்வளவு ஓடினாலும் தலைமாடு சூடாகவே இருக்கும். கத்திரி வெயிலில் கடைசி மாடி அறை சும்மா கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

வயதான அம்மா அப்பாவோடு போகிறோம். தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா?

பாத்ரூம் வாசல்படி. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு இருந்தபோது அம்மா இரவில் எழுந்து போய், நான்கு விரல்கட்டை உயரத் திண்டில் கால் தட்டித் தடுமாறினார். கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. பகலில் நான் அந்தத் திண்டைத் தாண்டிப் பத்து முறை போய் வந்திருந்தேன், ஒருமுறைகூட என் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகு எந்த அறையானாலும் முதலில் அந்த வாசலில்தான் போய் நிற்கிறேன். திண்டு இருந்தால் வெள்ளைத் துண்டு ஒன்றை அதன்மேல் விரித்துவிடுகிறேன், இருட்டிலும் தெரியும். பாத்ரூம் விளக்கை எரியவிட்டுக் கதவைச் சாத்தி வைக்கிறேன்.

மேற்கத்திய டாய்லெட், குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், வாளியும் மக்கும், ரிசப்ஷனுக்கு ஏறும் படிகளுக்குக் கைப்பிடி ஆகியவற்றைப் போனிலேயே கேட்டுவிடலாம். 'லிஃப்ட் உண்டு' என்கிற இடத்தில் லிஃப்ட் பாதித் தளத்தில் நிற்பதும், அங்கிருந்து ஏழெட்டுப் படி ஏறுவதும் பழைய கட்டடங்களில் சகஜம். அதையும் கேளுங்கள்.

ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும். சத்தமில்லாத அறையை எப்படிப் பிடிப்பது?

கீழே கல்யாண மண்டபம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் முந்தின இரவு வரவேற்பு பதினொன்று வரை ஓடும், காலை நாலரைக்கு நாதஸ்வரம் ஆரம்பித்துவிடும். லிஃப்ட் பக்கத்து அறை, ஜெனரேட்டர் இருக்கும் பக்கம், தெருவைப் பார்த்த முதல் மாடி மூன்றும் வேண்டாம். மார்கழியில் கோயில் பக்கத்து அறையில் விடிகாலை திருப்பாவை கேட்கும். எனக்கு அது பிடிக்கும், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்குக் கஷ்டம்.

தீ விபத்து பயம் தேவையா?

பயம் வேண்டாம், கவனம் தேவை. 2019 பிப்ரவரி 12 அதிகாலையில் டெல்லி கரோல் பாக்கில் இதே நடுத்தர வாடகை ஹோட்டல் ஒன்றில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட தீயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். அதனால் நான் திறக்கக்கூடிய ஜன்னல் இருக்கும் அறையைத்தான் எடுக்கிறேன். உள்ளடங்கிய, ஜன்னலே இல்லாத அறை 300 ரூபாய் குறைவாகக் கிடைக்கும். அந்த 300 வேண்டாம். அறையிலிருந்து படிக்கட்டு எத்தனை கதவு தள்ளி இருக்கிறது என்று எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டுதான் போக முடியும். ஒருமுறை அந்தப் படிக்கட்டில் நடந்தும் பாருங்கள். அட்டைப் பெட்டியும் பழைய மெத்தையும் அடுக்கி வைத்திருந்தால் ரிசப்ஷனில் சொல்லுங்கள், எடுக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

வேண்டாம். பல கட்டடங்களில் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும் கலந்துதான் வரும். குளித்தால் முடி பிசுபிசுப்பது அந்த உப்பால்தான். குடிக்க கேன் தண்ணீர் வைத்திருப்பார்கள், பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம்.

எந்த மாதங்களில் ரூம் கிடைப்பது கஷ்டம்?

டிசம்பர், ஜனவரியில். மார்கழிக் கச்சேரிகளுக்கு மயிலாப்பூர் பக்கமும், பொங்கலை ஒட்டிப் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது அதைச் சுற்றியும் அறைகள் நிரம்பும். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் என்றால் திருவல்லிக்கேணி நிரம்பிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் எப்படி நின்றது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

காரில் வருகிறோம். பார்க்கிங்?

'பார்க்கிங் உண்டு' என்றால் எத்தனை கார் நிற்கும் என்று கேளுங்கள். முப்பது அறைக்கு ஐந்து கார் இடம் என்பதுதான் நிலைமை. சாவியை ஹோட்டல் ஆளிடம் கொடுத்து நிறுத்தச் சொன்னால் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டில் 'வண்டிக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு' என்று அச்சடித்துவிட்டதால் மட்டும் ஹோட்டல் தப்பித்துவிட முடியாது, அலட்சியத்தால் வண்டி தொலைந்தால் பதில் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. யாரிடம் முறையிடுவது?

முதலில் மேனேஜரிடம், அமைதியாக. ரிசப்ஷன் பையனுக்கு வாடகையைக் குறைக்கும் அதிகாரம் இல்லை, அவனைத் திட்டிப் பயனில்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு அறை கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கு வரை போனாலும் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

கிளம்பும்போது?

சார்ஜர், பிரிட்ஜில் வைத்த சொட்டு மருந்து, தலையணைக்கு அடியில் கண்ணாடி. இந்த மூன்றையும்தான் எல்லோரும் விட்டுவிட்டு வருகிறார்கள். முன்பணத்தில் மிச்சம் வர வேண்டியதை அங்கேயே வாங்கிவிடுங்கள், "அப்புறம் ஜிபே பண்றோம்" என்பது வேண்டாம். அறையைத் துடைத்துச் சுத்தம் செய்கிற அக்கா பெரும்பாலும் நாம் கிளம்பும்போது கண்ணில் படமாட்டார். டிப்ஸ் முழுவதும் பெட்டி தூக்குகிற ரூம் பாய்க்கே போய்விடும். நான் அந்த அக்காவுக்குத் தனியாக ஐம்பதோ நூறோ எடுத்து வைத்து, மாடியில் தேடிப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவேன். போன தடவை அப்படித் தேடிப் போனபோது, "அம்மாவுக்கு இந்தக் கண்ணும் சரியாயிடுச்சா?" என்று விசாரித்தார்.